‘வருத்தம்’ என்ற பெயரில் ஒரு டெம்ப்ளேட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், மிஷின் படிக்கப்போற பக்கத்தை மனுஷங்க எதுக்கு உட்கார்ந்து எழுதணும்? அதுவே எழுதிக்காதா?" கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. இந்த அம்மா ஓய்வு பெற்றாயிற்று, இனிமேல் கோபம் வந்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாது என்கிற தைரியம் அந்தச் சிரிப்பில் தெரியும். அப்படிச் சிரித்தவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கையேடு எழுதிப் பிழைத்தவள். சென்னையில் மிக்ஸிக்கு எழுதினேன், தண்ணீர் மோட்டாருக்கு எழுதினேன், துணி துவைக்கும் மெஷினுக்கு எழுதினேன். யாரும் படித்ததில்லை. நான் எழுதியதை அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் பருப்பு டப்பா அடுக்கினார்கள். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனபோது என் கணவர் கடைக்காரருக்குத்தான் போன் போட்டார். அதற்குக் கையேடு எழுதிய நான் பக்கத்து அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அப்படிப் படிக்காத வாசகர்களுக்கே எழுதிப் பழகியவளுக்கு, சொந்த ஊரான ஆரணிக்குத் திரும்பி வந்து இந்த ஆபீசில் சேர்ந்த பிறகு, கடைசியாக ஒரு வாசகர் கிடைத்தார். ஒரு வார்த்தை விடாமல் படிப்பார். படித்ததை அப்படியே நம்புவார். எழுதாமல் விட்டதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்வார். முதல் இரண்டு குணத்தைப் பார்த்து நான் பூரித்துப்போனேன். மூன்றாவது குணம் என்ன செய்யும் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

நம் கம்பெனி என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பட்டுக் கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்ப ஒரு மென்பொருள். புடவை தயார், தீபாவளிக்குப் புது டிசைன் வந்திருக்கிறது, சிங்கப்பூருக்கு அனுப்பிய பார்சல் கிளம்பிவிட்டது, இப்படி. ஒவ்வொரு கடையும் இந்தக் கடிதங்களை முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைத்துக்கொள்ளும். தேவைப்படும்போது ஒன்றை எடுத்துப் பெயர்களைப் போட்டு அனுப்பும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நம் முதலாளி கருணாகரன் சென்னையில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தவர் வாயைத் திறந்தால் ஏஜென்ட். "இனிமே கடைக்காரங்க பட்டனே தட்ட வேணாம். வாயால சொன்னாப் போதும், ஏஐ ஏஜென்ட் செஞ்சுடும்" என்றார். கூடவே ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். ஷ்யாம். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவராம். நமக்கு ப்ராடக்ட் ஹெட். முதல் நாள் நம் ஊர் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, "வாவ், ஆதென்டிக்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்த வார்த்தையையும் நான் அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டதில்லை.

ஏஜென்ட் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரியும்படி சொன்னது யாஸ்மின்தான். யாஸ்மின் நம் ப்ரோக்ராமர். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள், தனியாகப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் விளக்கிவிடுவாள். "அதுக்குக் கண்ணு கிடையாது மேடம். நாம கையில கொடுக்கிற கருவிங்கதான் கண்ணு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பு எழுதணும். அந்தக் குறிப்பைப் படிச்சிட்டுத்தான் எப்போ எதை எடுக்கணும்னு முடிவு பண்ணும்."

முதல் கருவி, டெம்ப்ளேட்டுகளைப் பட்டியல் போடும் கருவி. ஒரு கடையின் பெயரைக் கொடுத்தால் அந்தக் கடை வைத்திருக்கும் டெம்ப்ளேட்டுகளின் பெயர்களை வரிசையாகக் கொடுக்கும். அவ்வளவுதான். இதற்கு என்ன எழுதக் கிடக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் நாலைந்து கடைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

"புதுசு". "புதுசு கடைசி". "கடைசி புதுசு இதான்". "டெஸ்ட்". "அனுப்பாதே". "அண்ணன் சொன்னது". ஒரு கடையில் ஒரு டெம்ப்ளேட்டின் பெயர் வெறும் முற்றுப்புள்ளி. இந்தப் பெயர்களுக்குள் என்ன கடிதம் இருக்கிறது என்று அவற்றை வைத்தவருக்கே மறந்துபோயிருக்கும். நம் கருவியோ உள்ளே இருப்பதைக் காட்டாது, பெயரை மட்டும்தான் காட்டும். பாதியில் விட்டது, சோதனைக்குப் போட்டது எல்லாவற்றையும் முழுசாக எழுதியவற்றோடு கலந்தே காட்டும். நிறைய இருந்தால் முதல் பக்கத்தோடு நின்றுவிடும், மிச்சம் இருக்கிறது என்று சொல்லாது.

இதையெல்லாம் எழுதினேன். பெயர் என்பது கடைக்காரர் தன் வசதிக்கு வைத்தது, உள்ளே இருப்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. அனுப்பும் முன்பு டெம்ப்ளேட்டைத் திறந்து காட்டும் இன்னொரு கருவியால் திறந்து முழுவதும் படி. சொன்ன விஷயத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அனுப்பாதே, கேள். ஒன்றரைப் பக்கம் வந்தது.

ஷ்யாம் அதைத் திரையில் மேலும் கீழும் உருட்டினார்.

"மேடம், இது வாஷிங் மெஷின் மேனுவல் இல்லை."

"தெரியும் சார். வாஷிங் மெஷின் தப்பாப் போனா துணிதான் கிழியும்."

"நோ நோ, நான் சொல்றது என்னன்னா, இந்த மாடல் ரொம்ப ஸ்மார்ட். உலகத்துல இருக்கிற எல்லா புக்கையும் படிச்சிருக்கு. இவ்வளவு எக்ஸ்ப்ளெயின் பண்ணா அது கன்ஃப்யூஸ் ஆயிடும்."

"எல்லா புக்கும் படிச்சிருக்கும் சார். ஆரணிக் கடைக்காரர் ‘அண்ணன் சொன்னது’ன்னு எதை வெச்சிருக்காருன்னு படிச்சிருக்காதே."

அவர் சிரித்தார். ஊர் மனுஷிக்கு நகைச்சுவை உணர்வு இருக்கிறது என்று மகிழ்ந்த சிரிப்பு. பிறகு என் கண் முன்னாலேயே தேர்ந்தெடுத்து அழித்தார். மிஞ்சியது ஒரு வரி: "கடையின் மின்னஞ்சல் டெம்ப்ளேட்டுகளைப் பட்டியலிடும்."

"க்ளீன்" என்றார்.

முதலாளியிடம் போனேன். அவர், "அவரு பெரிய எடத்துல இருந்து வந்தவரு மேடம். கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்றார். இந்தக் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்பதை நீங்களும் கேட்பீர்கள். பார்க்கிறவர் ஒருவராக இருப்பார், அதன் விளைவைச் சுமக்கிறவர் வேறு எங்கோ தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக்கொண்டிருப்பார்.

ஏஜென்டை முதலில் வாங்கிக்கொண்டவர் தணிகாசலம். ஊரில் பெயரெடுத்த பட்டுக் கடை, கல்யாணப் புடவைக்கு என்றே வெளியூரிலிருந்து வருவார்கள். தட்டச்சு செய்வது அவருக்குப் பெரிய பேஜார். வாயால் சொன்னால் போதும் என்றதும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, அடுத்ததாக ஏஜென்டிடம் "இன்னாப்பா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். அதுவும் நலம் என்று சொல்லும்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. சாயம் காயவில்லை. வெளியூரிலிருந்து வரவேண்டிய ஜரிகையும் வந்து சேரவில்லை. கல்யாணப் புடவைகள் பல தறியிலேயே நின்றன. எல்லோருக்கும் போன் செய்து திட்டு வாங்குவதற்குப் பதில் மெயில் போட்டுவிடலாம் என்று தணிகாசலம் முடிவு செய்தார். ஏஜென்டிடம் அவர் சொன்னது இதுதான்: "கல்யாண ஆர்டர் குடுத்தவங்க எல்லாருக்கும், புடவை லேட்டாவுதுன்னு வருத்தம் தெரிவிச்சு ஒரு மெயில் போட்டுடு."

ஏஜென்ட் நம் கருவியை எடுத்தது. பட்டியலைப் பார்த்தது. அதில் ‘வருத்தம்’ என்றே ஒரு டெம்ப்ளேட் இருந்தது.

"‘வருத்தம்’ டெம்ப்ளேட் உள்ளது. அனுப்பட்டுமா?" என்று கேட்டது.

"அனுப்பு, அனுப்பு. ஜல்தியா அனுப்பு" என்றார் தணிகாசலம்.

அந்த டெம்ப்ளேட்டை அவர் கடையில் ஒருவர் எழுதி வைத்தது, வெகுநாள் வாடிக்கையாளர் ஒருவர் இறந்துபோனபோது. அதில் இருந்தது இது: "தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த இன்னார் அவர்கள் மறைந்த செய்தி அறிந்து ஆறாத் துயருற்றோம். அன்னாரின் புன்னகை முகத்தை எங்கள் கடை என்றும் மறவாது." அந்த ‘இன்னார்’ இடத்தில் பெயர் தானாக விழும். கல்யாண ஆர்டரில் பெயர் என்ற இடத்தில் எல்லோரும் எழுதுவது மணப்பெண்ணின் பெயரை. கடிதத்தின் அடியில், எல்லா மெயிலிலும் வருவது போல, பட்டுப் புடவை கட்டிய ஒரு பெண்ணின் படமும் "நன்றி! மீண்டும் வருக!" என்ற வரியும் இருந்தன.

இப்படியாக, அந்த ஐப்பசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண்களை எல்லாம் தணிகாசலம் ஒரே வார்த்தையில் கொன்றுபோட்டார்.

மறுநாள் காலை நான் ஆபீஸ் படியேறும்போதே போன் சத்தம் கேட்டது. உள்ளே தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "வருத்தம்தானே மேடம் சொல்லச் சொன்னேன்? எழவா சொல்லச் சொன்னேன்?" என்று என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஷ்யாம் ஒருவர்தான் பதற்றப்படாமல் இருந்தார்.

"ரிலாக்ஸ். சிம்பிள் ஃபிக்ஸ். உடனே எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெயில் போயிடணும்" என்றார். சொன்னவர், பழக்க தோஷம், ஏஜென்டிடமே தட்டினார். நேற்று மெயில் பெற்ற எல்லோருக்கும் தவறுக்கு வருத்தம் தெரிவித்து மெயில் அனுப்பவும்.

ஏஜென்ட் பட்டியலை எடுத்தது. பார்த்தது. "‘வருத்தம்’ டெம்ப்ளேட் உள்ளது. அனுப்பட்டுமா?" என்றது.

ஷ்யாமின் விரல் ‘ஆம்’ பட்டனுக்கு மேலே இருந்தது. அவர் அதைப் படித்தாரா, பழக்கத்தில் அழுத்தப் போனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாஸ்மின் தன் இடத்திலிருந்து நாற்காலியோடு உருண்டு வந்து, அந்தக் கடையின் மெயில் அனுப்பும் அனுமதியையே நிறுத்திவிட்டாள். இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் எல்லோரும் இன்னொரு தடவை செத்திருப்பார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் கை பரபரக்கும். எதையாவது அழுத்தவேண்டும், அனுப்பவேண்டும், ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று காட்டவேண்டும். அந்தப் பரபரப்பு வரும்போது கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது ஒன்றுதான். "இனி ஒரு மெயிலும் போகக் கூடாது. சாவுன்னு மெயில்ல சொன்னதை மெயில்ல இல்லைன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அவரே போன் பண்ணி, அவர் குரல்ல சொல்லணும்."

"நானா?" என்றார் தணிகாசலம்.

"நீங்கதான். கடை பேர்லதானே போச்சு?"

"யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடலாமா?"

ஷ்யாமின் முகம் மலர்ந்தது. "நாட் பேட்" என்றார்.

"சொல்லுங்க. நாளைக்கு உங்க கடையில ஒருத்தர் கார்டு தேய்க்க மாட்டாங்க" என்றேன். தணிகாசலம் வியாபாரி. சட்டென்று புரிந்துகொண்டார்.

நல்ல வேளையாக அவர் மதியம் வரை போனை வைக்கவில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதை நான் பார்த்தேன். ஒரு அப்பா கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு அம்மா சிரித்துவிட்டு, அதற்காகப் புடவையோடு ஒரு பாவாடைத் துணி இலவசமாகக் கேட்டார். படவேட்டிலிருந்து ஒருவர், தான் மெயிலே பார்ப்பதில்லை, யார் செத்தது என்று நிதானமாகக் கேட்டார். பெரும்பாலும் சமாளித்தாயிற்று. வெம்பாக்கத்தில் ஒரு வீட்டை மட்டும் சமாளிக்க முடியவில்லை.

முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் என்பதால் அந்த மெயில் போனது வெம்பாக்கத்தில் இருந்த மாப்பிள்ளை தினேஷுக்கு. மணப்பெண் கீர்த்தனா தேசூர்க்காரி, செய்யாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் மெயிலைப் பற்றித் தெரிந்து மாப்பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே பெண்ணின் நம்பருக்கு அடித்திருக்கிறார். யாராவது பெரியவர்கள் எடுப்பார்கள் என்று நினைத்தால் கீர்த்தனாவே எடுத்து, "சொல்லுங்க அத்தை" என்றிருக்கிறாள். அந்த அம்மா போனைக் கீழே போட்டுவிட்டார்களாம். பெண் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகும் மாப்பிள்ளையின் தாய்மாமன் விடவில்லை. சாவு சொல்லிவிட்டார்கள், இனி அந்தப் பெயருக்குத் தாலி கட்டக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டாராம்.

"நேர்ல போகணும்" என்றார் முதலாளி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க வயசானவங்க, லேடீஸ். கை வெக்கமாட்டாங்க மேடம்." ஆறு மாதமாக என் வயதையும் என் அனுபவத்தையும் ஓரமாக உட்காரவைத்திருந்தவர்களுக்கு அன்றைக்கு அவை திடீரென்று உபயோகமாகிவிட்டன.

தணிகாசலத்தின் காரில் போனோம். வெம்பாக்கம் வீட்டில் கூடத்தில் எட்டு பத்துப் பேர். நடுவில் தாய்மாமன். மாப்பிள்ளை தினேஷ் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போனைப் பார்த்துகினு உட்கார்ந்திருந்தான். ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசராம்.

தணிகாசலம் கை கூப்பினார். புதுப் புடவை நெய்து தருகிறேன் என்றார், கோயிலில் அர்ச்சனை செய்கிறேன் என்றார். தாய்மாமன் அசையவில்லை. "நீங்க இன்னா வேணா செய்ங்க. சகுனம் கெட்டது கெட்டதுதான். இந்தக் கல்யாணம் நடக்காது" என்று கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதையே வேறு வேறு குரலில் சொன்னார். அவர் கோபத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இந்தச் சம்பந்தம் அவர் பார்த்து வைத்தது இல்லை என்று பிறகு தெரிந்தது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கழுத்தில் வேலை செய்யும் இடத்து அட்டையோடு ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள்.

"உள்ளே வரலாமா? செத்துப்போனவ வந்திருக்கேன்."

மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். "ஐயோ, அப்படிச் சொல்லாத கண்ணு."

"நான் சொல்லல அத்தை. கடையில சொன்னாங்க." கூடத்தைச் சுற்றிப் பார்த்தவள் என்னிடம் நின்றாள். "இவங்க யாரு?"

"மெயில் அனுப்பிச்ச மிஷினுக்குப் பாடம் எழுதுறவங்கம்மா" என்று தணிகாசலம் அவசரமாக என்னை முன்னால் தள்ளினார். வரும் வழியெல்லாம் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்த மனுஷர்.

"இன்னா பாடம் எழுதுனீங்க?" என்றாள் கீர்த்தனா.

சுற்றி வளைக்க மனசு வரவில்லை. "பேரை மட்டும் பார்த்து அனுப்பாதே, உள்ளே திறந்து படி, சந்தேகம்னா கேளுன்னு எழுதினேன்மா. அதை எடுத்துட்டாங்க."

"ஏன் எடுத்தாங்க?"

"அதுக்கு அறிவு ஜாஸ்தி, சொல்லிக்கொடுக்க வேணாம்னாங்க."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்பதால் அது பெரிய சத்தமாகக் கேட்டது. சிரித்து முடித்துத் தினேஷ் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கலியா?"

"இன்னாத்த?" என்றான் அவன்.

"போன் பண்ணிப் பார்க்கணும்னு."

அவள் தன் போனை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினாள். அவன் காலையில் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். நிச்சயதார்த்தப் படத்தில் தன்னை வெட்டிவிட்டு, அவளைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரத்தில் ஒரு விளக்கு எரிய, ‘மீளாத் துயரில்’ என்று போட்டிருந்தான். பிறகு அழித்துவிட்டான், ஆனால் அவளும் அவன் காண்டாக்டில் இருக்கிறவள்தானே. தன் மரணச் செய்தியை முதலில் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி. கூட வேலை செய்கிறவர்கள் அவளிடமே வந்து காட்டியிருக்கிறார்கள்.

"மெயில்ல வந்துச்சே கீர்த்தி" என்றான் தினேஷ். "கடை பேரு, உன் பேரு எல்லாம் கரெக்டா இருந்துச்சு."

"கீழ ‘மீண்டும் வருக’ன்னு இருந்துச்சு, அதைப் படிச்சீங்களா?"

"ஷிஃப்ட்ல இருந்தேன். ஃபுல்லா படிக்க டைம் இல்ல."

"படம் வெட்டி, விளக்கு வெச்சு, வந்த ஆறுதலுக்கெல்லாம் கும்பிடு போட டைம் இருந்துச்சு."

எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். கெட்டவன் இல்லை. அன்றைக்குக் காலையில் உலகம் அவனிடம் ஒரு பெயரையும் ஒரு செய்தியையும் கொடுத்தது, அவன் அதை அடுத்தவர்களுக்கு அனுப்பிவிட்டான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது அவ்வளவுதான் என்று சொல்லவும் முடியவில்லை. அவள் அழவில்லை. எதையோ ரொம்ப நாளாகத் தேடி, அது அங்கே இல்லை என்று கண்டுகொண்டவளைப் போல நின்றாள்.

"மாமா" என்று தாய்மாமனைக் கூப்பிட்டாள். "சகுனம் கெட்டுப்போச்சுன்னு நீங்க நிறுத்த வேணாம். நானே நிறுத்திக்கிறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வந்து பார்க்கிற ஆளு வேணும். செய்தி படிக்கிற ஆளு வேணாம்."

செருப்பை மாட்டிக்கொண்டாள். இதற்குள் தாய்மாமன் எழுந்து அவள் பின்னாலேயே ஓடினார். "இன்னாம்மா இது, ஒரு மெயிலுக்காகப் போயி யாராவது கல்யாணத்த நிறுத்துவாங்களா?" ஒரு மணி நேரமாக அதே மெயிலுக்காகக் கல்யாணத்தை நிறுத்தியவர் அவர். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

திரும்பும் வழியில் செய்யாறு தாண்டினோம். தணிகாசலம், "நாம கெடுத்தோமா மேடம், நல்லது பண்ணோமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. கீர்த்தனாவின் வீட்டார் அதன்பிறகு எங்களிடம் பேசவில்லை, அவர்கள் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எங்களுக்கு உரிமையும் இல்லை. அவள் எடுத்த முடிவு சரியாகவே இருக்கலாம். அதற்காக அந்த மெயில் சரியாகிவிடாது. தப்பின் பலன் நல்லதாக முடிந்தால் தப்பையே கெட்டிக்காரத்தனம் போலச் சொல்லிக்காட்டும் ஆட்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்ப்பீர்கள். நான் பார்க்க இரண்டு நாள்கூட ஆகவில்லை.

ஆபீசில் கூட்டம். ஷ்யாம் திரையில் வரைபடங்கள் போட்டார். அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றின. கடைசிப் படத்தில் மூல காரணம் என்று தலைப்பிட்டு அதன் கீழே ஒரே வரி: கருவிக் குறிப்பில் இடைவெளி.

"அந்த இடைவெளியை நீங்கதானே சார் வெட்டுனீங்க?" என்றேன்.

"எக்ஸாக்ட்லி மேடம். நானும் அதைத்தான் சொல்றேன். ஒரு கேப் இருந்துச்சு" என்றார். ஒரு துளி கூச்சம் இல்லை. எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது. இப்படி ஒரு தோல் பெங்களூரில் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இப்போதும் நினைப்பேன்.

குறிப்பை மறுபடி எழுதும் வேலை என்னிடமே வந்தது. இந்த முறை யாஸ்மினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். நான் ஒரு வரி எழுதுவேன், அவள் அதை ஏஜென்டுக்குக் கொடுத்து, எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறது என்று பார்ப்பாள். கருவி என்ன செய்யும் என்று எழுதுவது சுலபம். அது என்ன செய்யாது என்று எழுதுவதில்தான் எங்கள் பொழுது முழுவதும் போனது. இது உள்ளே இருப்பதைக் காட்டாது. இந்தப் பெயர்கள் பொருளைச் சொல்லாது. இந்தப் பட்டியல் இத்தோடு முடிந்துவிடவில்லை. நமக்குத் தெரிந்ததாலேயே எழுதத் தோன்றாதவை இவைதான். உங்களில் யார் இனி எந்தக் கருவிக்குக் குறிப்பு எழுதினாலும் முதலில் ‘செய்யாது’ என்ற பக்கத்தை எழுதிவிட்டு அப்புறம் ‘செய்யும்’ என்ற பக்கத்துக்கு வாருங்கள்.

சோதனை நாளன்று முதலாளி, ஷ்யாம், தணிகாசலம் மூன்று பேரும் வந்து யாஸ்மினின் மேஜையைச் சுற்றி நின்றார்கள். பழைய பட்டியல், பழைய வாக்கியம். கல்யாண ஆர்டர்காரர்களுக்குப் புடவை தாமதம் என்று வருத்தம் தெரிவித்து மெயில்.

ஏஜென்ட் பட்டியலை எடுத்தது. ‘வருத்தம்’ டெம்ப்ளேட்டைத் திறந்தது. படித்தது. பிறகு சொன்னது: "இது இரங்கல் கடிதம். தாமதத்துக்குப் பொருந்தாது. பொருத்தமான டெம்ப்ளேட் வேறு எதுவும் இல்லை. புதிதாக ஒன்று எழுதிக் காட்டட்டுமா?"

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே.

முதலாளி மட்டும் திரையையே பார்த்துகினு இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னா மேடம், ஒவ்வொண்ணுக்கும் இப்படி நின்னு கேட்டுகினு இருக்குமா? ஜல்தியா முடியணும்னுதானே ஏஜென்ட் வெச்சோம்? கடைக்காரங்களுக்கு பேஜாரா இருக்காது?"

ஷ்யாம் உடனே முன்னால் வந்தார். "ட்ரிம் பண்ணலாம் சார். அந்தத் திறந்து படிக்கிற ஸ்டெப்பை ஆப்ஷனல் ஆக்கிட்டா போதும்."

எனக்குப் பதில் வாய் வரை வந்துவிட்டது. நான் பேசுவதற்குள் யாஸ்மின் முதலாளி பக்கம் திரும்பினாள். கூட்டத்தில் வாயே திறக்காத யாஸ்மின்.

"எடுத்துடலாம் சார்" என்றாள். "எடுத்துட்டு ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாம். அதே ‘வருத்தம்’ டெம்ப்ளேட், பேரு போடுற எடத்துல உங்க பேரு. மெயில் உங்க வீட்டம்மாவுக்கு. அனுப்பட்டுமா?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. ஏஜென்ட் கேட்கும் அதே மரியாதையோடு கேட்டாள். விரல் பட்டனுக்கு மேலே இருந்தது.

கருணாகரன் அந்த விரலைப் பார்த்தார். அவர் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டது.

"வேணாம்மா" என்றார். "கேட்கட்டும். நல்லா நின்னு கேட்கட்டும்."